மார்பளவு தண்ணீர்

என் வீட்டுக்காரர் கபுரே மீன் பிடிப்பதில் கெட்டிக்காரர், வாய் திறப்பதில் சோம்பேறி. "வாயில என்ன மீனா வச்சிருக்கே?" என்று பசிபிக் கடல் நடுவே எங்கள் பெசியோ தீவே அவரைக் கேலி செய்யும். கூடக் குடித்தனம் நடத்துகிற எனக்குச் சிரிப்பு வராது. நவம்பர் பிறந்தால் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது, தூக்கமும் கிடையாது.

காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் எங்கள் தென்னைகளையெல்லாம் வெட்டி அரண் கட்டி, கரை நெடுகப் பீரங்கி வைத்திருந்தான். கபுரேயும் அவருடைய பெரியப்பா நபுரியும் தோணியேறித் தெற்கே தப்பிப் போனார்கள். அங்கே ஓர் அமெரிக்க அதிகாரி வந்து பாயில் உட்கார்ந்து கேட்டாராம்: அரைநிலா நாளில் பெசியோவின் பவளத்திட்டு மேல் எவ்வளவு தண்ணீர் ஏறும்?

"மார்பளவு," என்றார் பெரியப்பா. யோசிக்கவேயில்லை.

தப்பு என்று கபுரேக்குத் தெரியும். அந்தத் திட்டில் வலை போட்டே வளர்ந்தவர் அவர். அரைநிலாவில் சில தடவை ஏற்றமே வராது, முழங்கால் தண்ணீர் அப்படியே நிற்கும். ஆனால் விருந்தாளி முன்னால் பெரியவர் சொன்னதை இளையவன் மறுத்தால் குடும்ப மானமே போய்விடும். வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார், பாவி மனுஷன். அதிகாரி எழுதிக்கொண்டு போனார்.

அந்த நவம்பரில் தீவைப் பிடிக்க வந்த அமெரிக்கப் படகுகள் திட்டில் தட்டி நின்றுவிட்டன. பையன்கள் குதித்து, துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கியபடி, குண்டு மழையில் கரைவரை நடந்தார்கள். பாதிப் பேர் வந்து சேரவில்லை. ஊர் திரும்பிய கபுரே அவர்களைப் புதைக்கும் வேலைக்குப் போனார்.

இருபத்தைந்து வருஷம் கழித்து, போன வாரம் ஹார்லன் என்ற அமெரிக்கர் வந்தார். அன்று நடந்து கரையேறியவர். கூட நடந்த தம்பி ஏறவில்லை. ஊர்க்கூடத்தில் உட்காரவைத்தோம். மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்ததால் இரண்டு பக்கமும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

"தண்ணி ஏறாதுன்னு இங்க யாருக்குமே தெரியாதா?" என்று கேட்டார் ஹார்லன்.

முன்வரிசையிலிருந்த பெரியப்பா முந்திக்கொண்டார். "கடல் அன்னிக்கு எங்களையே ஏமாத்திடுச்சு, தம்பி. யாரைக் குத்தம் சொல்றது?"

பின்னாலிருந்து கபுரே எழுந்தார். "எனக்குத் தெரியும்."

"உக்காருடா!" என்று அதட்டினார் பெரியப்பா. "தலை நரைச்சும் மரியாதை வரல பாரு!"

கபுரே உட்காரவில்லை. "ஏற்றம் வராமப் போகலாம்னு தெரிஞ்சும் சும்மா இருந்தேன்," என்றவர் என்னைப் பார்த்தார். "அப்படியே சொல்லு. மழுப்பாதே."

மழுப்பத்தான் நினைத்தேன், பொய் சொல்வானேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. அப்படியே சொன்னேன்.

ஹார்லன் கபுரே பக்கம் திரும்பினார். "ஏன் சொல்லல?"

"பெரியவர் பேசிட்டாரு."

"அவ்வளவுதானா?"

அந்தக் கேள்வியை எங்கள் பாஷையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமலே கபுரேக்குப் புரிந்துவிட்டது.

"அவ்வளவுதான்," என்றார்.