காற்றைத் தேடி ஆரல்வாய்மொழிக்கு

என் இரத்தத்தை நானே எடுத்து, நானே இயந்திரத்தில் வைத்துப் பார்த்தேன். காரக்கோணத்தில் ஒரு சின்ன லேபில் பல வருடங்களாக எனக்கு அதுதான் வேலை. சர்க்கரை எல்லையைத் தொட்டு நின்றது. நாற்பத்து மூன்று வயது. மறுநாள் விடிந்ததும் நடக்கத் தொடங்கினேன். சில மாதங்களில் நடை ஓட்டமானது. ஓட்டம் பிடித்துப்போனது.

பிறகு ஒருநாள் போனில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். ஓணம் கழிந்து ராமேஸ்வரம் தீவில் ஒரு போட்டி. கடலில் முக்கால் கிலோமீட்டர் நீந்தி, இருபது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். பெயர் கொடுத்துவிட்டுத்தான் வீட்டில் சொன்னேன்.

"ஒனக்கு நீந்தத் தெரியுமா?" என்றார் கணவர்.

"தெரியாது."

"பின்னே? வட்டாக்கும் ஒனக்கு, முழுக் கிறுக்கு!"

அடுத்த வீட்டில் என் அண்ணன் குடும்பம். மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, பாறசாலையில் தையல் கடை. நெய்யாற்றின் கரையோரம் பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதில் ஆற்றை நீந்திக் கடந்து மாமன் வீட்டுக்குப் போய் வந்ததாகச் சொல்வாள். கடையில் போய் விஷயத்தைச் சொன்னேன். தையல் மிஷின் மிதியிலிருந்து காலை எடுக்காமலே, "நானும் வாறேன், எனக்கும் பேரு குடு" என்றாள். அவளுக்கு ஐம்பது வயதுக்கு இரண்டே மாதம் குறைவு.

கடையில் விற்கும் நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு எங்கள் பஞ்சாயத்துக் குளத்தில் இறங்க முடியாது. மைனியே இழுபடும் துணி வாங்கி, முழுக்கை வைத்து முழங்காலுக்குக் கீழே இறங்கும்படி இரண்டு தைத்தாள். முதல் நாள் குளத்துப் படியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் மார்பளவு தண்ணீரில் படியைவிட்டுக் கை எடுக்காமல் நின்றேன்.

"மூச்சைப் பிடிச்சு வைக்காண்டாம். வெள்ளத்துக்குள்ளே முகத்தை வச்சு ஊதி விடு."

"முங்கிப் போவேன் மைனி."

"முங்குனா நான் பிடிப்பேன். பேடிக்காண்டாம்."

முங்கினேன். பிடித்தாள். மூன்று வாரம் இதே கதை. ஜூன் மாத இடவப்பாதி மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், எதிர்க்கரைப் படி திடீரென்று என் கையில் தட்டியது. குளத்தைக் கடந்துவிட்டேன் என்பதை நம்ப முடியாமல், உறுதிப்படுத்திக்கொள்ளத் திரும்பவும் நீந்தி வந்தேன்.

சைக்கிளில் வேறு சிக்கல். பக்கத்து வெள்ளறடைச் சாலையின் ஏற்றங்கள் காலுக்குப் பலம் கொடுத்தன. ஆனால் அங்கே இருபுறமும் ரப்பர் தோட்டம். காற்று என்பதே இல்லை. தீவிலோ காற்று ஆளைத் தள்ளும் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். அண்ணனிடம் பிக்கப் வண்டி உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு சைக்கிள்களையும் அதில் ஏற்றி, காற்றாலைகள் சுழலும் ஆரல்வாய்மொழிக்கு எங்களைக் கொண்டுபோய் விட்டான். முதல் ஞாயிறு பக்கக்காற்று என்னைச் சைக்கிளோடு முள்செடியில் சாய்த்தது. மைனி இறங்கி உருட்டிக்கொண்டே நடந்தாள். அடுத்தடுத்த வாரங்களில் உடம்பைத் தாழ்த்தவும், சின்ன கியரில் பொறுமையாக மிதிக்கவும் பழகினோம். காற்றோடு மல்லுக்கட்டினால் தொடைதான் போகும் என்பது புரிந்தது.

போட்டியன்று ராமேஸ்வரத்தில் விடிந்த சிறிது நேரத்திலேயே வெயில் சுள்ளென்று இருந்தது. காற்று கொடிக்கம்பங்களை வளைத்துக்கொண்டிருந்தது. மைனி தைத்த நீல உடையில் மணலில் நின்றோம். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: கடல் கொந்தளிப்பாக இருப்பதால் நீச்சல் ரத்து, அதற்குப் பதிலாக முதலில் ஒரு சிறிய ஓட்டம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மற்றவர்கள் நிம்மதியாகச் சிரித்தார்கள்; அது இன்னும் எரிச்சலாக இருந்தது. இத்தனை மாதம் மூக்கில் வெள்ளம் ஏறியது எதற்காக?

"கரையாண்டாம் மக்கா," என்று மைனி என் தோளைத் தட்டினாள். "கடல் எங்கேயும் போவாது. இப்போ ஓடுவோம், வா."

ஓடினோம். சைக்கிளில் ஏறியதும் எதிர்க்காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. விலை உயர்ந்த சைக்கிள்களில் வந்த இளைஞர்கள் பலர் நிமிர்ந்து உட்கார்ந்து திணறினார்கள். நான் குனிந்துகொண்டு, சின்ன கியரில், அவர்களில் நாலைந்து பேரைத் தாண்டினேன். கடைசி ஓட்டத்தில் கால் மரத்துப்போனாலும் நிற்கவில்லை. போட்டிக்குக் கொடுத்த நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் மைனியும் வந்து சேர்ந்தாள், பாதி ஓடி, பாதி நடந்து. கழுத்தில் போட்ட பதக்கத்தைத் திருப்பிப் பார்த்து, "கனம் உண்டு" என்றாள்.

மறுநாள் காலை காற்று அடங்கியிருந்தது. சைக்கிள்களைக் கூரையில் ஏற்றிக்கொள்ளும் ஊர்ப் பேருந்து மதியம்தான். இருவரும் தீவின் மறுபக்கம் போனோம். அங்கே கடல் அசைவில்லாமல் கிடந்தது. வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு மீனவரிடம், முக்கால் கிலோமீட்டர் எதுவரை வரும் என்று கேட்டேன். அவர் கரையோரமாகத் தூரத்தில் நின்ற பச்சைப் படகைக் காட்டினார்.

"அதுவரை நீந்தப் போறீங்களா? ரெண்டு பேருமா?"

"ஆமா."

அவர் தன் சிறு வள்ளத்தைத் தள்ளி, நீந்தத் தொடங்கிய எங்களுக்குப் பக்கத்திலேயே துடுப்புப் போட்டு வந்தார். உப்பு கண்ணில் எரிந்தது. நடுவில் ஒருமுறை கீழே தரை தெரியாமல் போனதும் பயம் வந்தது. மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தேன். மூச்சு சீரானதும் திரும்பிக் கையை வீசினேன். மைனி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பச்சைப் படகின் விளிம்பை நான் பிடித்தபோது, வள்ளத்திலிருந்தவர் கை தட்டினார்.