வலது பக்கம் ஒடித்தால் சந்தன வாசனை

கார் ஓட்டக் கற்றுக்கொண்ட புதிதில் எனக்கு நேர்ச் சாலை என்றாலே ஆகாது. பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டைக்குப் போகும்போது இருபுறமும் தென்னந்தோப்பாக வந்துகொண்டே இருக்கும். எனக்குக் கொட்டாவி வரும். ஒரு திருப்பம் வந்துவிட்டால் போதும், தலைகால் புரியாது. வேகத்தைக் குறைக்காமல் ஸ்டீயரிங்கை ஒடித்து வளைப்பேன். அடிவயிற்றில் ஏதோ ஒன்று புரண்டு படுக்கும். சத்தம் போட்டுச் சிரித்துவிடுவேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தெருவில் கார் ஓட்டிய பெண் நான் ஒருத்திதான் என்பதால், யார் சிரித்தது என்று யாரும் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

என் கணவர் கொப்பரை வியாபாரி. அவர் கார் ஓட்டுவதைப் பார்த்தால் பின்னால் வருகிற மாட்டுவண்டிக்குக்கூடப் பொறுமை போய்விடும். வளைவு கண்ணில் பட்டதுமே கியரைக் குறைத்து, ஹாரன் அடித்து, அதனிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் திரும்புவார். எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு ‘ங்க’ போட்டுத்தான் பேசுவோம். அவர் சாலை வளைவுக்கும் போட்டார். எனக்குத்தான் போடமாட்டார்.

அந்த வருஷம் ஆயுதபூஜை முடிந்த சில நாட்களில் எங்கள் பழைய கார் நடுங்க ஆரம்பித்தது. எப்போதும் அல்ல. நேராகப் போனால் ஒன்றும் இல்லை. இடது பக்கம் திரும்பினாலும் சமர்த்தாகப் போகும். வலது பக்கம் வேகமாக ஒடித்தால் மட்டும் முன்பக்கத்திலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி, ஸ்டீயரிங் வழியாக ஏறி, என் பல்வரைக்கும் வரும். கூடவே காருக்குள் சந்தன வாசனை வீசும். நான் ஒன்றும் கதை விடவில்லை. சுத்தமான, சூடான சந்தன வாசனை.

முதல் தடவை அது வந்தபோது என் மாமியார் பின்சீட்டில் இருந்தார். மூக்கை இழுத்து முகர்ந்தவர் அப்படியே அம்மனுக்குக் கை கூப்பிவிட்டார்.

“ஆத்தா கூடவே வாரா, கண்ணு. நடுங்கறதும் அவதான். பயப்படாத ஓட்டு.”

கணவரோ வேறு தீர்ப்பு வைத்திருந்தார். “காரு நடுங்கல, அம்மணி. உன்ற கைதான் நடுங்குது. நான் ஓட்டுனா ஏன் வர மாட்டேங்குது?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த வார ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வால்பாறைக்குப் போவதாக இருந்தது. நாத்தனார் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மலை ஏறும் சாலை முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். அதை நான்தான் ஓட்டுவேன் என்று கல்யாணத்துக்கு முன்பிருந்தே கனவு. அவரும் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது சாவியைத் தன் சட்டைப்பைக்கு மாற்றிக்கொண்டார்.

“மலைக்கு நானே ஓட்டிக்கறேன். கை நடுங்கறவ கிட்ட ஆரு ஸ்டீயரிங்கக் குடுப்பா?”

என் கையா, காரா என்பது ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் வால்பாறை மட்டுமல்ல, அந்தச் சாவி இனி எப்போதும் என்னிடம் வராது. அவரை எனக்குத் தெரியும்.

மெக்கானிக்கிடம் காட்ட மட்டும் என்று சாவியைக் கேட்டு வாங்கிக் காரைக் கொண்டுபோனேன். அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அவரும் கொங்கு நாட்டுக்காரர் அல்லவா, வாடிக்கையாளர் காரை வளைவில் ஒடிப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்திருப்பார் போல.

“ஏனுங்கம்மணி, வண்டி பச்சப்புள்ளையாட்டம் போகுதுங்களே! வேணும்னா டயருக்கு பேலன்ஸ் பாத்துப்போடலாமுங்.”

“பேலன்ஸ் போயிருந்தா நேரா வேகமாப் போறப்பவும் நடுங்கோணுமில்லீங்களா, அண்ணா? நீங்க ஓட்டுனா அது காட்டாதுங்க. நான் ஓட்டறேன், பக்கத்துல உக்காருங்க.”

மாட்டுச் சந்தை கூடாத நாளாகப் பார்த்து அந்தத் திடலுக்குப் போனோம். முன்னால் நானும் மெக்கானிக்கும். பின்னால் என் கையைக் கண்காணிக்கக் கணவர். ஆத்தா வரும்போது தான் இல்லாமல் எப்படி என்று மாமியாரும் ஏறிக்கொண்டார். மாடு கட்டும் முளைக்குச்சிகளும் சாணியும் இல்லாத இடமாகப் பார்த்து முதலில் இடது பக்கமாக வட்டம் அடித்தேன். ஒன்றும் இல்லை. கணவர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்காகவே ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்து ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

வந்தது பாருங்கள்! கடகடவென்று கார் முழுவதும் உதறியது. மாமியார் ரெக்சின் சீட்டில் வழுக்கிக்கொண்டு போய் மகன் மடியில் விழுந்தார். மெக்கானிக் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டார். நடுவில் பிரேக்கை அழுத்தி மறுபடி ஒடித்தேன், சந்தனம் கமகமத்தது. “ஆத்தா! ஆத்தா!” என்று பின்னாலிருந்து குரல். திடல், வேப்பமரங்கள், தண்ணீர்த் தொட்டி, மறுபடி திடல், மறுபடி வேப்பமரங்கள். உலகமே ராட்டினம் சுற்றியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நிறுத்த வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் நிறுத்த மனசு வரவில்லை.

“நடுங்குதுங், நடுங்குதுங், ஒத்துக்கறனுங்! நிறுத்துங்கம்மணி!” என்று மெக்கானிக் அலறிய பிறகுதான் நிறுத்தினேன். இறங்கியவர் நேராக நடக்கப் பார்த்தார். கால் அவரை வளைத்துக்கொண்டு போய் வேப்பமரத்தில் சாய்த்தது.

கிறுகிறுப்பு தெளிந்ததும் அவரே சொன்னார். வலது பக்கம் ஒடித்தால் வண்டியின் பாரமெல்லாம் இடது முன் சக்கரத்தின் மேல் சாயும். ஆகவே குறை அங்கேதான், பேரிங் போயிருக்கும். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தார். அது சத்தமில்லாமல் சுற்றியது. பேரிங் இல்லை. அவர் தலையைச் சொறிந்தார். கணவர் என் கையைப் பார்த்தார்.

ஆனால் சும்மா நிற்கிற மனிதரா என் கணவர்? கொப்பரைக் களத்தில் ஒரு பழக்கம் உண்டு. காய்ந்த தேங்காயைக் காதோரம் பிடித்து ஆட்டுவார்கள். உள்ளே பருப்பு சிரட்டையை விட்டுவிட்டால் லொடலொடவென்று பேசும். உடைக்கலாம் என்று அர்த்தம். அவர் குந்தி உட்கார்ந்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து, அதேபோல் ஆட்டினார். லொடக். மறுபடியும் ஆட்டினார். லொடக்.

“இது உள்ள உட்டுப்போச்சுங்” என்றார் மெக்கானிக்கிடம், தன்னை மறந்து.

வீல் கப்பைக் கழற்றினால் நட்டுகள் விரலிலேயே சுற்றுகின்றன. சக்கரத்தை இழுத்து எடுத்ததும் குப்பென்று கோயில் வாசனை. உள்ளே பிரேக் டிரம்மின் மேல், சக்கரம் போய்ப் பொருந்துகிற இடம் முழுக்க, வறட்டி தட்டியதுபோலச் சந்தனம். நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. காய்ந்து, வெடித்து, பாதி உதிர்ந்திருந்தது. ஈரத்தில் சக்கரத்தை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். சந்தனம் காய்ந்து பொடியாகி உதிர உதிர, நட்டு இளகியிருக்கிறது. வலது பக்கம் ஒடித்துச் சக்கரம் உரசும்போதெல்லாம், பிரேக் சூட்டில் அந்தப் பொடி மணத்திருக்கிறது.

எல்லோரும் மாமியாரைப் பார்த்தோம். அவருக்கு எதற்குப் பார்க்கிறார்கள் என்றே புரியவில்லை.

“வெளிய பொட்டு வெச்சா ஊரு பாக்கத்தானுங்க ஆகும். உசுரக் காப்பாத்தறது உள்ள இருக்கற பிரேக்குதானுங்களே? அதுக்கு வெக்காம வேறெதுக்கு வெக்கறது? அதான் பூசையன்னைக்குப் பையனக் கழட்டச் சொன்னேன்.”

“மத்த மூணு சக்கரத்துக்குமுங்களா?” மெக்கானிக் நடுங்கிவிட்டார்.

“எங்கீங்க! ஒண்ணு கழட்டறதுக்குள்ளயே இவனுக்கு இடுப்புப் புடிச்சுப்போச்சு.”

நான் மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினேன். சக்கரத்தைக் கழற்றியது அவர், மாட்டியதும் அவர். அவர் வேப்பமரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“கையா, காரா?” என்றேன்.

“காருதானுங்க” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்குப் போட்ட முதல் ‘ங்க’ அது. வண்டியிலிருந்து அவர் உருவி வைத்திருந்த சாவியும் தானாகவே என் கைக்கு வந்தது. அந்த இடத்திலேயே இன்னொரு வட்டம் அடிக்கலாம்போல இருந்தது எனக்கு.

மெக்கானிக் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் அந்தச் சந்தனத்தைச் சுரண்டினார். மாட்டுச் சந்தைத் தரையில் விழக்கூடாது என்று மாமியார் முந்தானையை விரித்து ஏந்திக்கொண்டார். இரும்பு பளிச்சென்று தெரியும்வரை துடைத்து, சக்கரத்தை மாட்டி, மெக்கானிக் நட்டுகளை இறுக்கினார். இனிமேல் உள்ளே எதுவும் வைக்கக்கூடாது என்று அவர் சொன்னபோது, மாமியாரின் முகம் வாடித்தான் போனது.

ஞாயிற்றுக்கிழமை ஆழியார் தாண்டி, மலைச்சாலை தொடங்கும் இடத்தில், காரை நிறுத்தச் சொன்னார் மாமியார். இறங்கினார். கையில் ஒரு சின்னக் கிண்ணம். கணவர் பதறி, “அம்மா, சக்கரத்துப் பக்கம் போவாத!” என்றார். அவர் போகவில்லை. என் ஜன்னலுக்கு வந்தார்.

“கைய நீட்டு, கண்ணு.”

நீட்டினேன். இரண்டு புறங்கையிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்தார்.

“பிரேக்குக்கு வெக்கக் கூடாதுன்னுபோட்டாங்க. எங்க உசுரக் காப்பாத்தறது இன்னொண்ணு இதுதானே?”

அப்போதுதான் என் கை நிஜமாகவே நடுங்கியது. கணவர் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்துகொண்டு வந்தன. காரைக் கிளப்பினேன்.

வலது பக்கம் போகும் முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. கொஞ்சம் வேகமாகவே ஒடித்தேன். கார் அசையவில்லை. நடுக்கம் துளியும் இல்லை. ஆனால் ஸ்டீயரிங் சுற்றச் சுற்ற, என் கையிலிருந்து கார் முழுக்கச் சந்தனம் மணத்தது.

பின்சீட்டில் மாமியார் மூக்கை இழுத்து முகர்வது கேட்டது.

“வந்துட்டா” என்றார்.