மொட்டைமாடித் "தெரியல"

வெயிலில் காய்ந்த ஆன்டெனாக் குழாய் உள்ளங்கையைச் சுடும் என்பதால், பாவாடை நுனியை அதில் சுற்றிப் பிடித்துத் திருப்புவதுதான் தொண்ணூறுகளில் என் ஞாயிற்றுக்கிழமை வேலை. "தெரியுதா?" என்று மாடியிலிருந்து கத்துவேன். டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் அப்பா, "தெரியல! செத்த கொடைக்கானல் பக்கம் திருப்பு புள்ள!" என்பார். கொடைக்கானல் மலையிலிருந்த டிவி ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்துதான் படம் வந்தது என்பதால் எங்கள் திண்டுக்கல் தெருவின் ஆன்டெனாக்கள் அத்தனையும் அந்த மலையைப் பார்த்தே நின்றன. கைதவறிச் சிறுமலைப் பக்கம் திரும்பினால் திரையில் வெறும் "புள்ளி"தான். அதற்காகக் கோபுரமே இல்லை என்று யாரும் சொன்னதில்லை.

எட்டாம் வகுப்பில் அறிவியல் பேச்சுப்போட்டி வந்தது; தலைப்பு நம் இஷ்டம், ஜெயித்தால் மதுரையில் பேசலாம். அந்த மதுரைக்காக நான் தவம் கிடந்தேன். நம்மை மிஞ்சிய அறிவுள்ளவர்கள் வேறு கிரகங்களில் இருக்கலாம், அவர்கள் பேச்சைப் பிடிக்கும் கருவி நம்மிடம் இல்லாமலிருக்கலாம், அவர்கள் அனுப்பியது இன்னும் வழியிலேயே இருக்கலாம், அல்லது நாம் போடும் சத்தத்தைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று மூச்சுவிடாமல் பேசினேன்.

நடுவர் வேறு பள்ளியின் அறிவியல் ஆசிரியர். "அம்புட்டு அறிவாளிங்க இருந்தா நமக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டார்.

"தெரியல சார்" என்றேன்.

நான் சொன்னது மொட்டைமாடித் "தெரியல". படம் இன்னும் விழவில்லை, திருப்பிப் பார்ப்போம் என்று அர்த்தம். அவர் காதில் விழுந்ததோ பாடம் படிக்காத பிள்ளையின் "தெரியல". "தெரியலன்னா உக்காரு" என்றார், எல்லாரும் சிரித்தார்கள். "அந்தத் தெரியல இல்ல சார்" என்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள். மரம் வளர்ப்போம் என்று ஒப்பித்தவள் மதுரைக்குப் போனாள்.

போட்டியைப் பார்க்க வந்திருந்த அப்பா வீடு திரும்பியதும், "நல்லாத்தான பேசுன, கடைசில ஏன் தெரியலன்னு சொன்ன?" என்றார். வாராவாரம் அந்தச் சொல்லைக் கத்தியவருக்கே விளங்கவில்லையே என்ற ஆத்திரத்தில் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இன்று அந்தத் தெருவில் ஆன்டெனா ஒன்றுகூட இல்லை. துணி காயப்போடத்தான் மாடிக்கு ஏறுகிறார்கள். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அந்த நடுவரைப் பார்த்தேன், தலை முழுக்க நரைத்திருந்தது. நேர் எதிரே போய் நின்று வணக்கம் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மேலும் கீழும் பார்த்து, "யாருன்னு தெரியலையேம்மா" என்றார். இத்தனை வருஷமும் உங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், வத்தலக்குண்டு பஸ் வந்து அவர் ஏறிப் போய்விட்டார்.