அப்பா திருப்பித் தராத பாதிச் சீட்டு

அப்பாவின் கைபேசி உறைக்குள் ஒரு பாதி அட்டை இருக்கிறது. அவர் வயதுக்காரர்கள் அங்கே முருகன் படமோ பேரன் படமோ வைத்திருப்பார்கள். அப்பாவோ வெளிறிப்போன ரோஸ் நிறத்தில், வரிசையாகச் சின்னச் சின்னத் துளை போட்ட, ஒரு பக்கம் கோணல்மாணலாய்க் கிழிந்த அட்டையை வைத்திருக்கிறார். உறை பழுப்பேறிவிட்டதே என்று போன வாரம் புதிதாக ஒன்று வாங்கிப் போனேன். பழையதைக் கழற்றியதும் அட்டை என் மடியில் விழுந்தது. எண்பதுகளின் நடுவில், ஒரு கல்லூரி வாசற்படியில் உட்கார்ந்து அதை நானேதான் கிழித்தேன்.

திருச்செங்கோட்டுப் பக்கம் புதிதாக வந்திருந்த பொறியியல் கல்லூரியில் அப்போது கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேன். படிக்க விட்டிருந்தார்கள் என்பதே சரி. மேச்சேரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பெண்பிள்ளைக்கு அது ஆகாத படிப்பு என்பதில் பெரியப்பாவுக்குச் சந்தேகமே கிடையாது. அது என்ன படிப்பு என்று தெரியாதது அவருக்கு ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. அவர் சொல்லிச் சொல்லி அப்பாவைக் கரைத்துவிட்டார். கடைசியில் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். கல்லூரியில் கண்காட்சி நடக்கும்போது வந்து அந்த மெஷினைக் கண்ணால் பார்ப்பார். மனசுக்குப் பட்டால் நான் படிக்கலாம்; இல்லையென்றால் வருஷக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கண்காட்சிக்குத் தொண்டர் வேலை செய்ய மாணவர்களைக் கேட்டார்கள். மெஷின் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லும் வேலையை மூத்த மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சியது செருப்புக் காவல். கம்ப்யூட்டர் அறைக்குள் தூசி போகக் கூடாது. பிரின்சிபாலே வெறுங்காலோடுதான் நுழைவார். கர்ப்பக்கிரகத்துக்குக்கூட அவ்வளவு கெடுபிடி இருக்காது. யாரும் கை தூக்கவில்லை, நான் தூக்கினேன். அப்பா வரும்போது அந்த அறையின் வாசலிலாவது நிற்கலாம் என்ற ஆசைதான்.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே சிக்கல் புரிந்தது. எங்கள் பக்கத்து ஆண்கள் முக்கால்வாசிப் பேர் ஒரே மாதிரி கறுப்பு டயர் செருப்புதான் போடுவார்கள். குவிந்தால் பிரிக்க முடியாது. அப்போதுதான் எங்கள் ஆட்டுப்பட்டி நினைவுக்கு வந்தது. அறுவடை முடிந்த சோளக்காட்டில் பல வீட்டுச் செம்மறிகளும் ஒன்றாக மேயும். எல்லாம் ஒரே செம்பழுப்பு. சாயங்காலம் அப்பா முதலில் முதுகில் பூசிய சாயத்தைப் பார்த்து வீட்டுவாரியாக ஒதுக்குவார், பிறகு காதில் போட்ட வெட்டைப் பார்த்து இது இன்ன ஆடு என்பார். எங்கள் துறையில் எங்கேயோ கழித்துக்கட்டிய, அந்தக் காலக் கம்ப்யூட்டருக்குத் தகவல் கொடுக்கப் பயன்பட்ட பழைய துளை அட்டைகள் நாலைந்து நிறத்தில் கட்டுக்கட்டாய்க் கிடந்தன. ஒவ்வொன்றையும் இரண்டாகக் கிழித்தேன். ஒரு பாதி செருப்பு வாரில், மறுபாதி ஆள் கையில். நிறத்துக்கு ஒரு வரிசை. ஒரு கிழிசல் மாதிரி இன்னொன்று இருக்காது.

மத்தியானம் போல அப்பாவும் பெரியப்பாவும் வந்தார்கள். செருப்புகளுக்கு நடுவில் என்னைப் பார்த்ததும் பெரியப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

“ஏந்தம்பி, கம்ப்யூட்டரு படிக்கறான்னு சொன்னே. செருப்பு பாக்கற வேலையில்ல குடுத்திருக்கறாங்க.”

அப்பாவின் முகம் சுண்டிப்போயிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, நான் நீட்டிய ரோஸ் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மறுபாதியை அவர் செருப்பு வாரில் செருகி, ரோஸ் வரிசையில் வைத்தேன்.

அவர்கள் முறை வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. மெஷின் அணைந்தது, ஏ.சி. குளிரும் நின்றது. உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியே வந்து செருப்பை நோக்கிக் குனிந்தார்கள். ஆளாளுக்குக் கையில் கிடைத்ததை மாட்டிப் பார்க்க, ஒருவர் இன்னொருவர் செருப்பைப் பிடுங்க, சண்டை வரும் போலிருந்தது. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ.

“ஆரும் குனியாதீங்க. சீட்டைக் கையில புடிச்சுட்டுப் படியில உக்காருங்க. மஞ்சச் சீட்டெல்லாம் இந்தப் பக்கம், பச்சை அந்தப் பக்கம்.”

உட்கார்ந்தார்கள். நிறம் நிறமாக எழுப்பினேன், கிழிசலோடு கிழிசலை வைத்துப் பார்த்தேன், பொருந்தியதும் சீட்டை வாங்கிக்கொண்டு செருப்பைக் கொடுத்தேன். மாறிப்போனதாக ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. தூணோரம் நின்று அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்ததை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது.

“அண்ணா, நம்ம பட்டியில பிரிக்கறாப்லயே பிரிச்சுப்போட்டாளுங்க புள்ள.”

“அதுஞ்செரி, கம்ப்யூட்டரப் பாக்கவே இல்லியேப்பா.”

“பாத்தாச்சுங்கண்ணா. வாங்க போலாம்.” என் பக்கம் திரும்பி, “படி சாமி,” என்றார். அவ்வளவுதான். அவர் செருப்பைக் கொடுத்தேன். அந்தச் சந்தோஷத்தில் சீட்டைத் திருப்பி வாங்கத் தோன்றவில்லை.

ஊரில் யார் கேட்டாலும் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டதாகவே அப்பா சொன்னார். “கலஞ்சு கெடக்கறதப் பிரிச்சுக் குடுக்கும், அதானுங்க” என்பார். வெகுகாலம் எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் என்றால் ஆடு பிரிக்கிற மெஷின்தான். பிறகு என் பணிக்காலம் முழுவதும் நான் அதனிடம் வாங்கிய வேலையை நினைத்தால், அவர் சொன்னதில் பெரிய தப்பும் இல்லை.

போன வாரம் மடியில் விழுந்த அட்டையை எடுத்து, “இன்னுமா இத வெச்சிருக்கறீங்க? எனக்குக் குடுத்துருங்கப்பா, பத்திரமா வெச்சுக்கறேன்,” என்றேன். அப்பா கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

“சீட்டக் குடுத்துட்டா செருப்ப மாட்டிட்டுக் கெளம்போணுமே சாமி. இருக்கட்டும், இன்னங் கொஞ்ச நாளைக்கு.”

நான் புது உறையைப் பிரித்துக் கொடுத்தேன். கிழிந்த பக்கம் கீழே வரும்படி அட்டையை அவரே உள்ளே வைத்தார்.