கத்திப் பிடியில் என் பெயர்

கல்யாணப் பத்திரிகையில் தங்க எழுத்து அச்சடிக்கும் பித்தளை பிளாக்கில், எழுத்துகளை இடவலம் மாற்றி வெட்டுகிறவர் அவர். சிவகாசியில் அவருடைய பட்டறை. மூக்கு நுனியில் கண்ணாடி. வெட்டும்போது செல்போன் எவ்வளவு அலறினாலும் எடுக்க மாட்டார்.

என் மடக்குக் கத்திக்குப் பித்தளையில் பிடி கடைந்து, பெயரும் வெட்டித் தந்தார். பார்த்தால், மேலெழும்பி நின்ற எழுத்துகள் இடவலம் மாறியிருந்தன.

“அண்ணாச்சி, பிளாக்குன்னு நெனச்சு வெட்டிட்டீகளோ?”

அவர் அசரவில்லை. “நல்லா இறுக்கிப் பிடிச்சுட்டு, கைய விரிங்க.”

விரித்தேன். உள்ளங்கையில் என் பெயர் நேராகப் பதிந்திருந்தது.

“எவனும் களவாண்டா, அவன் கையே ஒங்க பேரைச் சொல்லும்ல” என்றார்.

கைப்பழக்கத்தில் வந்த பிழையா, யோசித்துச் செய்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் யாராவது கத்தியைப் பார்க்கக் கேட்டால், முதலில் பிடியை இறுக்கிப் பிடித்துவிட்டு, என் உள்ளங்கையைத்தான் நீட்டுகிறேன்.