மாட்டைக்கூட வரைந்தவன்

ஆம்புரோஸ் மாட்டை வரைந்தான். அதன் கழுத்துக் கயிற்றை முடிச்சு உட்பட வரைந்தான். வண்டியோட்டும் வீரமுத்துவை மட்டும் வரையவில்லை. மலாயாவில் பகாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களுக்கெல்லாம் ஆம்புரோசைக் கூலி வாங்காமல் ஏற்றிப்போனவர் அவர்தான். ஒரு தரம் தலைக்கு எண்ணெய் தடவி, சட்டை மாற்றி, மாட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஆம்புரோஸ் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"கொஞ்சம் தள்ளுங்கண்ணே, மாடு மறையுது."

அந்த வயிற்றெரிச்சல், ஜப்பான்காரன் கப்பலேறிப் போன பிறகும் வீரமுத்துவுக்கு ஆறவில்லை.

ஆம்புரோஸ் ரஹாங் கடைத்தெருவில் கடைப்பலகை எழுதிக்கொண்டிருந்தவன். ஜப்பான்காரன் வந்ததும் கடைகள் மூடின. பலகை எழுதச் சொல்ல ஆளில்லை. மாவுச் சாக்கைக் கிழித்துச் சட்டம் அடித்துக்கொண்டு, தோட்டம் தோட்டமாக ஆள்களை வரையப் புறப்பட்டான். கரி, மஞ்சள், செம்மண்தான் சாயம். குழைக்க மரவள்ளிக் கஞ்சி.

"கஞ்சியில மூஞ்சி எழுதுறியே, கரப்பான் தின்னுறாதா?" என்பார் வீரமுத்து.

"தின்னா தின்னட்டும்லா. அதுக்கும்தான் அரிசி கெடைக்கல."

பால்வெட்டும் முத்தாயி உட்காரவே மாட்டேன் என்றாள். செத்தவர்கள் படம்தான் சுவரில் ஏறும், மாலை விழும் என்பது அவள் பயம். கடைசியில், "பொட்ட மட்டும் நீ எழுதாத" என்று ஒப்புக்கொண்டாள். படம் முடிந்ததும் தன் குங்குமத்தைத் தொட்டுத் தானே அதன் நெற்றியில் வைத்தாள். பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்தில் இருந்த பாக் சமாட், முகத்தை எழுதக்கூடாது என்றார். வயலில் குனிந்திருந்த முதுகை எழுதினான். முதுகைப் பார்த்தே கம்பம் முழுவதும் பேர் சொன்னது. காய்கறித் தோட்டம் போட்டிருந்த சீனன் ஆ கியோங்கின் பெண்சாதிக்கு, புருஷன் படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டும். நாளைக்கு அவன் செத்துப்போய்ப் படத்தைக் கும்பிடும்போது, ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு தன் வேண்டுதலை எப்படிக் கேட்பான் என்பது அவள் கவலை. ஆம்புரோஸ் இரண்டு காதையும் எழுதி, தாடையில் இருந்த வெட்டுத் தழும்பையும் சேர்த்துக் கொடுத்தான்.

அந்த ஆ கியோங்கைத்தான் பிறகு ஜப்பான்காரன் தேடினான். ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருந்தவர்களுக்கு அரிசி கொடுத்தானாம். ஆள் ஓடிவிட்டான், சிப்பாய்களில் ஒருவனுக்கும் அவன் முகம் தெரியாது. ஊரில் உள்ள முகத்தையெல்லாம் எழுதுகிறவன் ஒருத்தன் இருக்கிறான் என்று எவனோ போட்டுக்கொடுத்தான். லாரி நேரே தோட்டத்துக்கு வந்தது.

காகிதத்தைக் கொடுத்து, ஆ கியோங்கை எழுது என்றார்கள். ஆம்புரோஸ் வியர்க்க வியர்க்க எழுதினான். வீரமுத்து எட்டிப் பார்த்தார். உருண்டை முகம், தொங்கு மீசை, தழும்பில்லாத தாடை. ஆம்புரோசுக்கு இவ்வளவு மோசமாகவும் எழுத வரும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

அதிகாரி காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான். ஆள் பிடிபடும் வரைக்கும் ஆம்புரோஸ் பகாவில் தங்கள் காவலில் இருக்கட்டும், மறுநாள் ஆ கியோங் வீட்டைச் சோதனை போடுவோம் என்றான்.

பையை எடுக்கிற சாக்கில் ஆம்புரோஸ் வண்டிக்கு வந்தான். வீரமுத்துவிடம் அவன் கடைசியாகக் கேட்டது அப்போதுதான்.

"அண்ணே, கியோங் வீட்டுச் செவுத்துல இருக்குற படத்த அடுப்புல போடச் சொல்லுங்க. அது இவனுங்க கண்ணுல பட்டா அவனும் போனான், நானும் போனேன்."

"அந்தப் பொம்பள குடுப்பாளாய்யா? புருஷன்னு சொல்லிக்க அவகிட்ட அது ஒண்ணுதான் இருக்கு."

"அழுவா. பக்கத்துல நில்லுங்க. ஆனா அது சாம்பலாகாம வண்டிய எடுத்துறாதீங்கண்ணே."