வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்

சின்னப்பாவுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்கு மேல் அவன் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. ஹெப்பகோடியில் ஹெல்மெட் செய்யும் கம்பெனி ஒன்றில், உள்பக்கத் துணி தைக்கும் பிரிவில் பதினோரு வருஷமாகக் கான்ட்ராக்ட். கழுத்தில் மஞ்சள் அட்டை. நிரந்தரக்காரர்களுக்கு நீல அட்டை; பிள்ளை குட்டிக்கு ஆஸ்பத்திரிச் செலவு உண்டு, நாளைக்கு வரலாமா என்ற பயம் கிடையாது. மஞ்சள் அட்டையைப் புதுப்பிக்க மூன்று மாதத்துக்கு ஒரு கையெழுத்து. அது விழாவிட்டால் கேட்டோடு சரி.

அப்படி இருக்கும்போதுதான் டிசைன் பிரிவு வீணா மேடம் அவனைக் கூப்பிட்டார். பிள்ளைகளுக்கும் ஹெல்மெட் செய்யப் போகிறார்களாம். நம் ஊர் ஜனங்களின் தலை வயசுக்கு வயசு எப்படி மாறுகிறது என்று தெரிய வேண்டுமாம். மூன்று வயசிலிருந்து அறுபது வரை முந்நூறு தலை. சின்னப்பா ஜோகுபாளையத்துக்காரன், நாலு வீட்டில் நுழைய முடிந்தவன். முன்பு யூனிஃபார்ம் கடையில் துணி வெட்டியவன் என்பதால் டேப் பிடிக்கவும் தெரியும். சுத்தமாக முடித்தால் நீல அட்டைக்குத் தானே எழுதுவதாக மேடம் சொன்னார்.

பெரியவர்களை அளந்ததில் தொல்லை இல்லை. மாதா கோவிலில் பூசை முடிந்து வருகிறவர்கள், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே தலையைக் கொடுத்தார்கள். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு. அதற்குள்தான் சுற்றியது.

பிள்ளைகளிடம்தான் மாட்டிக்கொண்டான். பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் அப்பா அம்மா கையெழுத்து இல்லாமல் டேப்பை வெளியிலேயே எடுக்கக் கூடாது என்றார்கள். தெருவிலோ, சவப்பெட்டி செய்கிறவன்தான் ஆளை அளப்பான், என் பிள்ளை மேல் டேப்பு வைக்காதே என்று ஒரு தாய் கதவைச் சாத்தினாள். அவளைப் பார்த்து அடுத்த வீடும் சாத்திக்கொண்டது. கெடு நெருங்கியது. எண்பது பிள்ளைகளின் கட்டங்கள் காலியாகக் கிடந்தன.

யூனிஃபார்ம் கடைப் புத்தி வேலை செய்தது. சட்டை எப்படி ஏறும்? இருபத்திரண்டு, இருபத்துநாலு, இருபத்தாறு. வகுப்பு ஏற ஏற ஒரு நம்பர். தலையும் அப்படித்தானே? பதினாலு வயசுக்கு ஐம்பத்தாறு என்று வைத்து, வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் குறைத்துக்கொண்டே இறங்கினான். ஏழு வயசுக்கு நாற்பத்தொன்பது. மூன்று வயசுக்கு நாற்பத்தைந்து. சந்தேகம் வராமலிருக்க அங்கே இங்கே அரை சென்டிமீட்டர் கூட்டிக் குறைத்தான். பேர்களையும் அவனே வைத்தான்.

அந்தக் கணக்கில் ஏழு வயசுக்கான மாதிரி ஹெல்மெட் வந்தது. சனிக்கிழமை, ஹெல்மெட் வார்க்கும் அச்சுக்கு ஆர்டர் போகும். அதற்கு முன்னால் ஒரு பிள்ளைக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று, சின்னப்பாவின் மகள் லீனாவை அழைத்துவரச் சொன்னார்கள். அவளுக்கு ஏழு வயசு.

ஹெல்மெட் நெற்றியைத் தாண்டி இறங்கவில்லை. சூப்பர்வைசர் கிளாரன்ஸ் ஒரு அழுத்து அழுத்தினார். இறங்கியது, பிறகு கழற்ற வரவில்லை. காது மடங்கி உள்ளே சிக்கிக்கொள்ள, லீனா அழாமல் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் சேர்ந்து உருவினார்கள். காது மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது.

"ஏன்யா சின்னப்பா, உன் மண்டைதான் பாப்பாவுக்கும் வந்திருக்கு போல," என்றார் கிளாரன்ஸ்.

வீணா மேடம் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "அவளுக்குத் தல கொஞ்சம் பெருசா?"

சின்னப்பா தலையாட்டினான். "ஆமா மேடம். பொறந்ததுல இருந்தே."

அன்றைக்குத் தப்பித்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த மகள், டொம்லூர் வரைக்கும் காதைத் தடவிக்கொண்டே வந்தாள். அப்புறம் கேட்டாள்: "என் தல பெருசாப்பா? டாக்டர் கிட்ட காட்டணுமா?"



வீட்டில் பிள்ளை சங்கதியைச் சொன்னதும் மனைவி அல்போன்சா பீரோவைத் திறந்து தாயி கார்டை எடுத்துவந்தாள். தடுப்பூசி போடும்போதெல்லாம் நர்ஸ் எழுதிக் கொடுத்த கார்டு. எடை, உயரம், தலைச் சுற்றளவு. பிறந்தபோது முப்பத்துநாலு. ஆறு மாதத்தில் நாற்பத்திரண்டு. ஒரு வயசில் நாற்பத்துநாலரை. இரண்டு வயசில் நாற்பத்தேழு.

"நர்சம்மா ஒவ்வொரு தடவையும் சரியா இருக்குன்னுதாங்க சொன்னாங்க," என்றாள். "எம்புள்ள மேல எதுக்குங்க பழி போட்டீங்க?"

சின்னப்பா கார்டையே பார்த்தான். முதல் வருஷம் பத்தரை சென்டிமீட்டர் ஓடிய தலை, அடுத்த வருஷம் இரண்டரைதான் நகர்ந்திருக்கிறது. சட்டை மாதிரி இல்லை இது. சின்னதிலேயே முக்கால்வாசிக்கு மேல் வளர்ந்துவிட்டு, அப்புறம் மெல்ல மெல்ல ஊர்கிறது. அவன் எழுதிக் கொடுத்த மூன்று வயசுப் பிள்ளைக்கு, இரண்டு வயசு லீனாவைவிடச் சின்னத் தலை. டேப்பை எடுத்து மகளை அளந்தான். ஐம்பத்தொன்றரை. குறை அவள் தலையில் இல்லை.

சொன்னால் நீல அட்டை போகும். சொல்லாவிட்டால் அந்த அச்சில் ஆயிரக்கணக்கில் வார்ப்பார்கள். எத்தனை காது சிக்கும், எத்தனை பிள்ளை கழற்றி எறிந்துவிட்டு வண்டியில் ஏறும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

வெள்ளிக்கிழமை காலை தாயி கார்டோடு வீணா மேடம் அறைக்குப் போனான். மேசை மேல் நீல அட்டை தயாராக இருந்தது. அவன் போட்டோ, அவன் பேர். உட்காரச் சொன்னார். நின்றபடியே சொன்னான்.

"எம்பொண்ணு தல சரியாத்தான் இருக்குது மேடம். நான் எழுதுனதுதான் தப்பு."

"எத்தன பேர அளக்கல?"

"எம்பது. பசங்க மொத்தமும்."

மேடம் போனை எடுத்து அச்சு ஆர்டரை நிறுத்தினார். நீல அட்டையை டிராயருக்குள் போட்டார். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அடுத்த கையெழுத்துத் தேதி பதினாலு, அதற்குள் எண்பது தலையும் உண்மையாக வரவேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்தும் கிடையாது என்றார். நீல அட்டையைப் பற்றி அவரும் பேசவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் கேட்டருகே பெற்றோர் கையெழுத்துத் தாள்களோடு நின்றான். பாதிப் பேர் பார்க்காததுபோல் கடந்தார்கள். லீனா ரிப்பனை அவிழ்த்துவிட்டு, எல்லோருக்கும் தெரிய ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள்.

"அளப்பா."

தெரிந்த அளவுதான். இருந்தும் மூன்று தரம் அளந்தான். ஏழு வயசு, ஐம்பத்தொன்றரை என்று எழுதினான். இன்னும் எழுபத்தொன்பது. தேதி ஒன்பது ஆகியிருந்தது.